தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இருபுறமும் வேலை எடுப்பவர்களுக்கு: ப்ரொபோசல் முதல் அக்ரிமென்ட் வரை ஒரு முழு வழிகாட்டி

பொள்ளாச்சியில் இருந்து கோபாலபுரம் வழியாகப் போனால் கொழிஞ்சாம்பாறை. மீனாட்சிபுரம் வழியாகப் போனால் கொல்லங்கோடு. இரண்டும் கேரளப் பக்கம். ஏசி சர்வீஸ், சிசிடிவி, கல்யாணப் போட்டோ, சமையல் கான்ட்ராக்ட், வெப்சைட், தோட்டப் பராமரிப்பு, கணக்கு எழுதுதல் என்று சேவைத் தொழில் செய்யும் நம் பகுதிக்காரர்கள் பலருக்கு வாடிக்கையாளர்களில் ஒரு பங்கு அந்தப் பக்கம்தான். அங்கிருந்து இங்கே வந்து வேலை எடுப்பவர்களும் நிறைய. பெரும்பாலும் "நமக்குத் தெரிந்தவர்தானே" என்ற நம்பிக்கையில் வேலை தொடங்கிவிடும். கையில் இருப்பது ஒரு தொகையும் இரண்டு வாய்ஸ் நோட்டும்தான்.

அந்த நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தொழிலே அதில்தான் நடக்கிறது. ஆனால் பாக்கி நின்று மனக்கசப்பில் முடிந்த வேலைகளைப் பார்த்தால், பலவற்றில் யாருக்கும் ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்காது. ஒரே வேலையை இருவரும் இரண்டு அளவில் மனதில் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு அளவையும் வேலைக்கு முன்பே ஒரே தாளில் கொண்டுவருவதுதான் ப்ரொபோசலின் வேலை. கொண்டுவந்ததை இருவரையும் கட்டுப்படுத்தும் சொல்லாக மாற்றுவது அக்ரிமென்ட். எல்லை தாண்டும்போது வரி, முத்திரைத்தாள், நீதிமன்றம் என்று மூன்று விஷயங்கள் கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை வேலையை வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சியில் ஒரு சிறிய டிசைன் அலுவலகம். கொல்லங்கோட்டில் மலையைப் பார்த்தபடி ஒரு ஹோம்ஸ்டே. அவர்களுக்குப் போட்டோ எடுத்து வெப்சைட் செய்து தர வேண்டும். தொகை 80,000 ரூபாய். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் படிகள் இவைதான்.

படி 1: முதல் பேச்சிலேயே கேட்க வேண்டியவை

விலை சொல்வதற்கு முன் மூன்று பேரைக் கண்டுபிடியுங்கள்: முடிவு செய்பவர், பணம் கொடுப்பவர், கையெழுத்துப் போடுபவர். கேரளப் பக்கம் இது முக்கியம். வீடு அம்மா பெயரில் இருக்கும், உங்களோடு பேசுவது மருமகன், பணம் அனுப்புவது துபாயில் இருக்கும் மகன். மருமகன் சரி என்று சொன்ன டிசைனை மகன் வீடியோ காலில் பார்த்து வேண்டாம் என்பார். அதனால், "டிசைனை யார் ஓகே செய்வார்கள்? பில் யார் பெயரில் போட வேண்டும்?" என்று முதல் நாளே கேளுங்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை.

எதிரே இருப்பது நிறுவனம் என்றால் ஜிஎஸ்டி எண்ணை வாங்கி, ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். சட்டப்படியான பெயர், அது தனிநபர் நிறுவனமா, கூட்டாண்மையா, கம்பெனியா, பதிவு உயிரோடு இருக்கிறதா எல்லாம் தெரிந்துவிடும். கடைப் பலகையில் இருக்கும் பெயரும் சட்டப்படியான பெயரும் வேறாக இருப்பது சகஜம். அக்ரிமென்டில் வர வேண்டியது இரண்டாவது.

அப்புறம் வேலையைப் பற்றிக் கேளுங்கள். எதற்காக இந்த வேலை, எப்போதைக்கு வேண்டும், இதற்கு முன் யாரிடமாவது செய்தார்களா, அதில் என்ன குறை. ஓணத்துக்கு முன் வெப்சைட் ஓட வேண்டும் என்கிறாரா, எப்போது வேண்டுமானாலும் பரவாயில்லை என்கிறாரா என்பதைப் பொறுத்து விலையும் மாறும், கால அட்டவணையும் மாறும்.

பேசி முடித்த அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம் சேட்டா. இன்று பேசியது: 5 அறைகள், வெளிப்புறம், உணவு ஆகியவற்றின் போட்டோ. 6 பக்க வெப்சைட். ஓணத்துக்கு 2 வாரம் முன்பு முடிய வேண்டும். டிசைனை உங்கள் மைத்துனர் ஓகே செய்வார். இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ப்ரொபோசல் அனுப்புகிறேன்."

பேசியவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்றால் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அனுப்புங்கள். நம் பகுதியில் இப்படி இருப்பவர்கள் நிறைய. அவருக்குப் படிக்க வராத மொழியில் அனுப்பியதை அவர் ஒப்புக்கொண்டதாக நாம் பின்னால் சொல்ல முடியாது.

படி 2: ப்ரொபோசல் எழுதுவது

கொட்டேஷன் என்றால் பொருளும் விலையும் மட்டும். ஃபில்டர் மாற்ற இவ்வளவு, கேமரா ஒன்றுக்கு இவ்வளவு என்று எண்ணிச் சொல்லக்கூடிய வேலைக்கு அது போதும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாறும் வேலைக்கு ப்ரொபோசல் வேண்டும். நம் அளவு வேலைக்கு இரண்டு மூன்று பக்கம் தாராளம். நிறுவன வரலாறு, பெற்ற விருதுகள் என்று நான்கு பக்கம் ஓட்டுவதை யாரும் படிப்பதில்லை.

முதல் பத்தியில் வாடிக்கையாளரின் தேவையை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "இப்போது புக்கிங் எல்லாம் ஏஜென்ட் மூலம் வருகிறது, நேரடியாக வர வேண்டும்" என்று அவர் சொன்னால் அதுதான் முதல் வரி. நாம் கேட்டோம், புரிந்துகொண்டோம் என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை.

அடுத்தது வேலையின் அளவு. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் கவனமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வேலையை எண்ணக்கூடிய வகையில் எழுத வேண்டும். "தரமான போட்டோக்கள்" என்பது அளவு இல்லை. "ஒரு நாள் படப்பிடிப்பு, காலை 6 முதல் மாலை 6 வரை, எடிட் செய்த 40 படங்கள்" என்பது அளவு. "வெப்சைட்" என்பது அளவு இல்லை. "6 பக்கங்கள், ஆங்கிலத்தில்; டிசைனில் 2 முறை திருத்தம்" என்பது அளவு. ஏசி பராமரிப்பு என்றால் எத்தனை ஏசி, ஆண்டுக்கு எத்தனை முறை வருவோம், அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவோம், கேஸ் நிரப்புவது சேருமா. சமையல் என்றால் எத்தனை இலை, கூடுதலாக வரும் ஒவ்வொரு இலைக்கும் என்ன விலை, பாத்திரமும் சமையல் கேஸும் யாருடையவை, பந்தி பரிமாற ஆள் சேர்த்தா.

அதற்குக் கீழேயே "இதில் சேராதவை" என்று தனித் தலைப்புப் போடுங்கள். பலர் இதை எழுதத் தயங்குகிறார்கள், இல்லை என்று சொல்வது போல இருக்கிறதாம். எழுதாத ஒவ்வொன்றும் பின்னால் "இதுவும் சேர்த்துத்தானே சொன்னீர்கள்?" என்று திரும்பி வரும் என்பதால், ப்ரொபோசலிலேயே அதிக நேரம் இதற்குக் கொடுங்கள். நம் உதாரணத்தில் இப்படி வரும்:

"மலையாளப் பக்கங்கள், ட்ரோன் படப்பிடிப்பு, அதற்கான அனுமதி, டொமைன் மற்றும் ஹோஸ்டிங் ஆண்டுக் கட்டணம், புக்கிங் தளங்களில் பதிவேற்றம், ஒப்படைத்த 30 நாட்களுக்குப் பின் வரும் மாற்றங்கள் ஆகியவை இந்தத் தொகையில் சேராது. தேவைப்பட்டால் தனி விலை தரப்படும்."

இதைப் படிக்கும் வாடிக்கையாளர், "மலையாளப் பக்கமும் வேண்டுமே" என்று அப்போதே கேட்பார். அது நல்லது. விலை பேசும் நேரத்தில் வரும் கேள்வி, விலை பேசி முடித்த பின் வரும் கேள்வியைவிட இருவருக்கும் லாபம்.

மூன்றாவது, வாடிக்கையாளர் தர வேண்டியவை. அறைகளின் விவரம், கட்டண விவரம், லோகோ, படப்பிடிப்பு நாளில் அறைகள் காலியாகவும் சுத்தமாகவும் இருப்பது. எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்றும், தாமதமானால் நம் கெடுவும் அத்தனை நாள் தள்ளிப்போகும் என்றும் எழுதுங்கள்.

கால அட்டவணையில் "அட்வான்ஸ் வந்த நாளில் இருந்து" என்று கணக்கிடுங்கள். காலண்டர் தேதி போட்டால், அவர் மூன்று வாரம் யோசித்துவிட்டு வந்து அதே தேதிக்குக் கேட்பார். கடைசியாக, ப்ரொபோசல் எத்தனை நாள் செல்லும் என்று ஒரு வரி. 15 நாள் என்று போட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 6ஆம் பிரிவுப்படி அந்தக் காலம் முடிந்ததும் அது தானாகவே காலாவதியாகிவிடும். சித்திரையில் சொன்ன விலைக்கு ஆவணியில் வேலை கேட்டால் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை.

படி 3: விலையும் தவணையும்

தவணையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. தவணை என்பது உங்கள் கையில் இருக்கும் செயலோடு இணைந்திருக்க வேண்டும். "வெப்சைட் வெளியானதும் 60 சதவீதம்" என்று எழுதினால், வெளியிடுவது எப்போது என்பது அவர் கையில் இருக்கிறது. "ஓணம் கழியட்டே" என்று அவர் சொன்னால், வேலை முடிந்தும் பணம் நிற்கும். "முழு வெப்சைட்டையும் பார்வைக்கு அனுப்பிய 7 நாட்களுக்குள்" என்று எழுதினால் அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது. பாக்கி நிற்கும் வேலைகளில் பல, இந்த ஒரு வரியால்தான் நிற்கின்றன.

80,000 ரூபாய்க்கு 40, 40, 20 என்று பிரிக்கலாம். தொடங்க 32,000. டிசைனும் போட்டோக்களும் பார்வைக்கு அனுப்பியதும் 32,000. ஃபைல்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒப்படைக்கும் முன் 16,000. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் தனியாகச் சேரும்; மொத்தம் 94,400. "வரி தனி" என்று எழுதாவிட்டால் 80,000 என்பது எல்லாம் சேர்த்த தொகை என்று அவர் புரிந்துகொள்வார்.

எல்லைக்காரர்கள் வரியில் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வேறு மாநிலத்துக்குச் சேவை தந்தால் முதல் ரூபாயில் இருந்தே பதிவு வேண்டும் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். சேவைக்கு அந்தக் கட்டாயம் 2017லேயே அறிவிப்பு மூலம் நீக்கப்பட்டுவிட்டது. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி வாங்கக்கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது.

இரண்டாவது, எந்த வரி என்பது. பொள்ளாச்சி அலுவலகம் கொல்லங்கோட்டு வாடிக்கையாளருக்கு வெப்சைட் செய்தால், அவருடைய முகவரி கேரளம் என்பதால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஜிஎஸ்டி. கட்டடம், நிலம் சார்ந்த சேவையில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. கோவை வாடிக்கையாளருக்குச் சொந்தமான கொல்லங்கோட்டு வீட்டில் இன்டீரியர் செய்தால் அதுவும் ஐஜிஎஸ்டிதான். சமையலில் பந்தி எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ப்ரொபோசலிலேயே சரியான வரியைக் குறிப்பிட்டால், எதிர்ப்பக்கத்து ஆடிட்டர் பில்லைத் திருப்பி அனுப்பமாட்டார்.

மூன்றாவது, சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கும் அது வந்தவுடனேயே ஜிஎஸ்டி பொறுப்பு வந்துவிடும். அதனால் முதல் தவணையை 32,000 என்று மட்டும் கேட்காமல் வரி 5,760 சேர்த்து 37,760 என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த வரி உங்கள் கைக்காசில் இருந்து போகும்.

நான்காவது, டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி. பாலக்காட்டுப் பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வேலை செய்தால், வேலையின் வகையைப் பொறுத்து 1, 2 அல்லது 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வந்து சேரும் பணம்தான். எந்த விகிதம் என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டிய பில்லில், வரி நீங்கலான தொகைக்குத்தான் பிடிக்க வேண்டும்.

படி 4: அனுப்புவதும் சம்மதம் வாங்குவதும்

ப்ரொபோசலை பிடிஎஃப் ஆக அனுப்பி, போனில் பத்து நிமிடம் கூடவே படித்துக் காட்டுங்கள். முதலில் வேலையின் அளவு, அடுத்து சேராதவை, கடைசியில் விலை.

சம்மதம் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி ஏற்பு முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும். "ஓகே, ஒரு பத்தாயிரம் குறைச்சுக்கோங்க" என்பது ஏற்பு ஆகாது. அது அவர் உங்களுக்கு வைக்கும் புதிய யோசனை. நீங்கள் பதில் சொல்லாமல் வேலையைத் தொடங்கினால், 70,000க்கு ஒப்புக்கொண்டதாக அவர் வாதிட இடம் கிடைக்கும். குறைக்க முடியும் என்றால் வேலையையும் குறைத்து, 40 படத்தை 25 ஆக்கி, புதிய தேதியும் பதிப்பு எண்ணும் போட்டுத் திரும்ப அனுப்புங்கள். காரணம் இல்லாமல் விலையை மட்டும் குறைத்தால், முதல் விலை எதற்கு என்ற கேள்வி அவர் மனதில் தங்கிவிடும்.

ப்ரொபோசலின் அடியில் இந்த வரியைச் சேருங்கள்: "இந்த ப்ரொபோசலில் கையெழுத்திட்டாலோ, முதல் தவணையைச் செலுத்தினாலோ, இதில் உள்ள எல்லா நிபந்தனைகளையும் ஏற்றதாகக் கொள்ளப்படும்." ப்ரொபோசல் கேட்ட செயலைச் செய்வதும் ஏற்புதான் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது.

மின்னஞ்சலில் வரும் சம்மதம் செல்லுமா? செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது. வாட்ஸ்ஆப்பை நீதிமன்றத்தில் காட்ட நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி அசல் போனில் உள்ள உரையாடலை அழித்துவிடாதீர்கள். முக்கியமான சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்குவது இன்னும் நல்லது.

படி 5: அக்ரிமென்ட்

சின்ன வேலைக்குக் கையெழுத்திட்ட ப்ரொபோசலே போதும், அதுவே ஒப்பந்தம். தொகை பெரிது, மாதக்கணக்கில் ஓடும், வாடிக்கையாளரின் ரகசியத் தகவல் உங்கள் கைக்கு வரும், அல்லது உங்கள் ஆட்கள் அவர் இடத்தில் தங்கி வேலை செய்வார்கள் என்றால் தனி அக்ரிமென்ட் எழுதுங்கள். ப்ரொபோசலை அதன் இணைப்பாக வையுங்கள். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் அக்ரிமென்டே செல்லும் என்று ஒரு வரி போதும்.

மொழியைப் பற்றி: எந்த மொழியில் எழுதினாலும் ஒப்பந்தம் செல்லும். நம் பகுதியில் ஆங்கிலத்தில் எழுதி, மலையாளத்திலோ தமிழிலோ ஒரு பிரதி இணைப்பது நல்ல வழக்கம். எந்தப் பிரதி இறுதியானது என்று எழுத மறக்காதீர்கள். அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது என்ற வரியையும் சேருங்கள்.

வேலை, தொகை, தவணை எல்லாம் ப்ரொபோசலிலேயே இருக்கும். அக்ரிமென்டில் புதிதாக வர வேண்டியவற்றில் முதலாவது, மாற்றம் எப்படிச் செய்வது என்பது. "கூடுதல் வேலை எதுவாக இருந்தாலும் அளவு, தொகை, நாள் மூன்றும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்கும்" என்று எழுதுங்கள்.

இரண்டாவது, வேலை ஏற்கப்பட்டதாக எப்போது கொள்வது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளர் பதில் சொல்லாமலே இருந்தால் கடைசித் தவணை அந்தரத்தில் நிற்கும். "ஒப்படைத்த 10 நாட்களுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்" என்பது போதும். சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி சட்டத்திலேயே இதே மாதிரி ஒரு விதி இருக்கிறது. 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால் சேவை கிடைத்த நாளே ஏற்ற நாள்.

மூன்றாவது, உரிமை. போட்டோகிராபர்களும் டிசைனர்களும் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அந்த வாடிக்கையாளர்தான். உங்கள் ஆல்பத்தில், இன்ஸ்டாகிராமில் போட விரும்பினால் அந்த அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். வெப்சைட் டிசைன், எழுத்து போன்றவற்றில் நிலைமை தலைகீழ். தனியாகத் தொழில் செய்பவர் உருவாக்கியது அவருக்கே சொந்தம்; வாடிக்கையாளருக்குப் போக வேண்டுமானால் உங்கள் கையெழுத்தோடு எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். இரண்டையும் தெளிவாக எழுதி, "முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும்" என்று சேருங்கள்.

நான்காவது, ரத்து. "அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று பெரிய எழுத்தில் போடுவது வழக்கம். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எவ்வளவு எழுதி வைத்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. அதனால் அட்வான்ஸ் எதற்கு என்பதை எழுதுங்கள்: தேதி ஒதுக்கியதற்கு இவ்வளவு, முன் ஏற்பாட்டுக்கு இவ்வளவு. ரத்து செய்யும் கட்டத்தைப் பொறுத்து எவ்வளவு பிடிக்கப்படும் என்று படிப்படியாகக் காட்டினால் வாடிக்கையாளருக்கும் நியாயமாகத் தெரியும். நீங்களே ரத்து செய்தால் என்ன திருப்பித் தருவீர்கள் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். ஒருபக்கமான அக்ரிமென்டை விவரம் தெரிந்தவர் யாரும் கையெழுத்திட மாட்டார்கள்.

ஐந்தாவது, நம் கையில் இல்லாத தடைகள். தென்மேற்குப் பருவமழையில் பாலக்காட்டுப் பக்கம் வேலை என்றால் இது அலங்கார வரி இல்லை. 2018 ஆகஸ்டில் மண்சரிவால் நெல்லியாம்பதி சாலை துண்டிக்கப்பட்டதை நாம் பார்த்திருக்கிறோம். மழை, மண்சரிவு, ஹர்த்தால், அரசு உத்தரவு ஆகியவற்றால் வேலை நின்றால் எத்தனை நாளுக்குள் மறு தேதி, அதற்கும் முடியாவிட்டால் செய்த வேலைக்கு மட்டும் கணக்கு முடிப்பது என்று எழுதுங்கள்.

ஆறாவது, எந்த ஊர் நீதிமன்றம். எதிர்வாதி இருக்கும் ஊரிலோ, வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதியாவது நடந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இரண்டு ஊருக்கும் அதிகாரம் இருக்கும்போது அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதலாம். சம்பந்தமே இல்லாத ஊரை எழுதினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே சொல்லிவிட்டது. பொள்ளாச்சி என்று எழுத விரும்பினால், ஒப்பந்தம் அங்கே கையெழுத்தானது, பணம் அங்கே செலுத்தப்பட வேண்டும் என்பதும் அக்ரிமென்டில் இருக்க வேண்டும், உண்மையிலும் அப்படியே நடக்க வேண்டும். ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவர் தீர்ப்பது என்ற நிபந்தனையை எங்கிருந்தோ நகல் எடுத்துச் சேர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. 80,000 ரூபாய் வேலைக்கு அந்தச் செலவு கட்டாது. முதலில் 15 நாள் நேரில் பேசுவது, பிறகு இருவரும் ஏற்கும் ஒருவர் முன் சமரசம், அதன் பிறகு நீதிமன்றம் என்பது போதும்.

படி 6: முத்திரைத்தாளும் கையெழுத்தும்

பத்திரத்தாளில் எழுதினால்தான் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளைத்தாளில் எழுதிய ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஆனால் உரிய முத்திரைத் தீர்வை இல்லாத ஆவணத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது; பாக்கித் தீர்வையையும் அபராதத்தையும் கட்டிய பிறகே ஏற்கும். அபராதம் தீர்வையைப் போலப் பத்து மடங்கு வரை போகலாம். தமிழ்நாட்டில் மாநிலத் திருத்தங்களோடு 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டம், கேரளத்தில் 1959ஆம் ஆண்டு கேரள முத்திரைச் சட்டம். எந்த மாநிலத்தில் கையெழுத்தாகிறதோ அந்த மாநிலத்துத் தாளை வாங்குங்கள். பாலக்காட்டில் உட்கார்ந்து தமிழ்நாட்டுத் தாளில் கையெழுத்திடுவது வேண்டாம். அன்றைய தீர்வை எவ்வளவு என்று அந்தந்த ஊர் முத்திரைத்தாள் விற்பனையாளரிடமோ பத்திர எழுத்தரிடமோ கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கம்பெனி என்றால் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் உண்டு என்பதற்கான தீர்மானத்தின் நகலை வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இருவரின் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து, இடம், தேதி. சட்டம் சாட்சி கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு சாட்சி இருப்பது நல்லது. பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை.

படி 7: வேலை நடக்கும்போது

கையெழுத்தான தாளைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்தால் பயன் இல்லை. படப்பிடிப்பு நாளில், "அப்படியே கோவிலையும் நாலு படம் எடுத்துருங்க" என்பார்கள். எடுங்கள், உறவுக்கு அது நல்லது. அன்று இரவே, "கோவில் படங்கள் 4, இந்த முறை கட்டணம் இல்லாமல் சேர்த்துள்ளோம்" என்று எழுதி அனுப்புங்கள். இலவசமாகத் தந்ததையும் எழுத்தில் வைத்தால்தான் அடுத்த கேள்விக்கு விலை சொல்ல முடியும். பெரிய கூடுதல் என்றால் அளவு, தொகை, நாள் மூன்றையும் ஒரே செய்தியில் போட்டு, பதில் வந்த பிறகு தொடங்குங்கள்.

படி 8: பில்லும் பாக்கியும்

பில்லில் அக்ரிமென்ட் தேதி, தவணை எண், கடைசி நாள் மூன்றும் இருக்கட்டும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் போல ஒரு வட்டி விகிதத்தை அக்ரிமென்டிலேயே எழுதியிருந்தால் இங்கே குறிப்பிடலாம்.

இதைவிட வலுவான ஆயுதம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு. கட்டணம் எதுவும் இல்லை. ஆதாரும் பானும் இருந்தால் போதும். குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், எம்எஸ்எம்இடி சட்டப்படி வாடிக்கையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாள் 45 நாட்களைத் தாண்டக்கூடாது. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரி குறைக்கவும் வாங்குபவரால் முடியாது. பணம் தந்த ஆண்டில்தான் காட்ட முடியும். கஞ்சிக்கோட்டுக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு இது நன்றாகவே தெரியும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பல இடங்களில் வேகம் கூடுகிறது.

எல்லைப் பகுதிக்கு இதில் இன்னொரு பெரிய உதவி இருக்கிறது. பணம் வராவிட்டால் புகார் செய்யும் வசதிக் கவுன்சில், சேவை தந்தவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. பொள்ளாச்சிக்காரர் பாலக்காட்டுக்கு அலைய வேண்டியதில்லை. கோவைக் கவுன்சிலில் முறையிடலாம். ஆனால் அக்ரிமென்ட் போடும் முன்பே பதிவு செய்துவிடுவதுதான் பாதுகாப்பு. வேலை முடிந்த பின் பதிவு செய்துவிட்டு, பழைய பாக்கிக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது.

நினைவூட்டலைப் பொறுத்தவரை, கெடுவுக்கு மூன்று நாள் முன் ஒரு மென்மையான செய்தி, தாண்டிய மறுநாள் போன், பத்தாம் நாள் மின்னஞ்சல், முப்பதாம் நாள் எழுத்தில் அறிவிப்பு. குரல் உயர வேண்டியதில்லை. தேதி தவறாமல் கேட்பவருக்குத்தான் முதலில் பணம் வருகிறது.

பழைய பாக்கி இருப்பவர்கள் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட வரம்புச் சட்டம் 1963 தரும் காலம் பொதுவாக 3 ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் வாடிக்கையாளர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளில் இருந்து புதிதாக 3 ஆண்டு எண்ணப்படும். அதனால் ஒவ்வொரு மார்ச் 31க்கும் பாக்கி உறுதிக் கடிதம் ஒன்று அனுப்பி, "மேற்கண்ட தொகை சரி" என்று கையெழுத்து வாங்கி, அந்த அக்ரிமென்ட் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.